எடையைத் தாங்குகிறதா, முறுக்கை மட்டும் கடத்துகிறதா? ஆக்சில் பற்றிய வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கும் மேல் ஆக்சிலை, அதாவது வண்டியின் சக்கர அச்சைப் பற்றியவை. ஆகவே மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, பக்கம் முழுவதையும் இவற்றுக்கே ஒதுக்குகிறேன். சென்னைப் பாடியில் வண்டிப் பட்டறை நடத்துகிறவன் என்ற உரிமையில் முதலிலேயே ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். காரோ லாரியோ, ஸ்பானரைக் கையில் எடுப்பதற்கு முன், கழற்றப்போகும் ஷாஃப்ட் (சக்கரத்துக்குப் போகும் சுழல்தண்டு) வண்டியின் எடையைத் தாங்குகிறதா, அல்லது எஞ்சினின் முறுக்கை, அதாவது சுழற்றும் விசையை, மட்டும் சக்கரத்துக்குக் கொண்டுபோகிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். அது தெரியாமல் கழற்றுகிறவர் கைக்கும் ஆபத்து, வண்டிக்கும் ஆபத்து.

கேள்வி: கியர்பாக்ஸ் பழுதாகி என் லாரி பாடியநல்லூர் அருகே நின்றுவிட்டது. இழுத்துப்போக வந்தவர்கள் ஜாக்கிகூடப் போடாமல், இரண்டு பக்கப் பின்சக்கரங்களின் நடுவிலிருந்தும் நீளமான இரும்புத் தண்டை உருவி எடுத்தார்கள். சக்கரங்கள் அப்படியே நின்றன. ஆக்சிலையே எடுத்த பிறகு சக்கரம் எப்படி நிற்கிறது? எதற்காக எடுத்தார்கள்?
(லாரி உரிமையாளர், செங்குன்றம்)

ஐயா, வந்தவர்கள் வேலை தெரிந்தவர்கள். அவர்கள் உருவியது ஆக்சில் முழுவதையும் அல்ல; உள்ளே ஓடும் ஷாஃப்ட்டை மட்டும்தான். லாரியின் பின் ஆக்சிலில் வெளியே தெரியும் பருத்த கூடுதான் ஹவுசிங். லாரியின் எடை ஸ்பிரிங் பட்டை வழியாக அந்த ஹவுசிங்கில் இறங்குகிறது. ஹவுசிங்கின் முனையில் இரண்டு டேப்பர் ரோலர் பேரிங்குகள், அவற்றின் மேல் ஹப் என்னும் சக்கரக் குடம், ஹப்பில் பிரேக் டிரம்மும் சக்கரமும். ஷாஃப்ட் இந்தச் சுமையில் துளியும் பங்கெடுப்பதில்லை. ஒரு முனை, முறுக்கை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக்கொடுக்கும் பற்சக்கரத் தொகுதியான டிஃபரென்ஷியலுக்குள் செருகியிருக்கிறது. மறுமுனையில் உள்ள வட்டத் தகடு ஹப்பின் முகத்தில் நட்டுகளால் பிடிக்கப்பட்டிருக்கிறது. அதற்குள்ள ஒரே வேலை, முறுக்கைக் கடத்துவது. அதை உருவினாலும் சக்கரம் பேரிங்கில் நின்றுகொண்டே இருக்கும், உருளவும் செய்யும். இந்த வகைக்கு ‘ஃபுல் ஃப்ளோட்டிங்’ என்று பெயர். கனரக லாரிகளிலும் பஸ்களிலும் பெரும்பாலும் இதுதான்.

எதற்காக எடுத்தார்கள் என்றால், பின்சக்கரம் தரையில் உருள உருள ஷாஃப்ட் சுற்றும். ஷாஃப்ட், டிஃபரென்ஷியலின் பெரிய பற்சக்கரமான கிரவுன் வீலைச் சுழற்றும். கிரவுன் வீல், கியர்பாக்ஸிலிருந்து வரும் நீளத் தண்டான புரொப்பெல்லரைச் சுழற்றும். புரொப்பெல்லர் கியர்பாக்ஸின் மெயின் ஷாஃப்ட்டைச் சுழற்றும். எஞ்சின் ஓடாததால் கியர்பாக்ஸின் அடியில் ஆயிலை வாரியிறைக்க வேண்டிய பற்சக்கரங்கள் சும்மா நிற்கும். மேலே உள்ள பேரிங்குகள் ஆயில் இல்லாமல் உலர்ந்தபடி ஓடிக் கருகிவிடும். செங்குன்றத்திலிருந்து மாதவரம் வரை அப்படி இழுத்தால்கூடப் போதும், சிறிய பழுது பெரிய செலவாகிவிடும். அதைத் தடுக்க ஒன்று புரொப்பெல்லரைக் கழற்ற வேண்டும், இல்லையேல் ஷாஃப்ட்டுகளை உருவ வேண்டும்.

இரண்டையுமே உருவ வேண்டும் என்பதைக் கவனியுங்கள். ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு இழுத்தால் கிரவுன் வீல் நின்றுவிடும். ஆனால் டிஃபரென்ஷியலுக்குள் இருக்கும் சின்னப் பினியன்கள் வேகமாகச் சுழலும். வளைவில் திரும்பும்போது கொஞ்சமாகச் சுற்றுவதற்காகவே அமைந்தவை அவை. பல கிலோமீட்டர் விடாமல் சுழன்றால் தேய்ந்துபோகும்.

இனி கழற்றும் முறை. வண்டி சமதரையில் நிற்க வேண்டும். முன்சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை கொடுக்க வேண்டும். இதை வற்புறுத்தக் காரணம் உண்டு. ஷாஃப்ட்டை எடுத்த கணமே எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது. கியரில் போட்டு நிறுத்தியிருக்கிறேன் என்ற தைரியம் அதோடு செல்லாது. பழைய ஜீப் போன்ற சில வண்டிகளில் ஹேண்ட்பிரேக்கே புரொப்பெல்லரைத்தான் பிடிக்கும். அவற்றில் ஷாஃப்ட்டோடு ஹேண்ட்பிரேக்கும் போய்விடும். மேம்பாலச் சரிவில் நிற்கும் வண்டியில் கட்டை வைக்காமல் நட்டைத் தொடாதீர்கள்.

நட்டுகளைக் கழற்றியதும் தகடு கையோடு வந்துவிடாது. பல லாரிகளில் ஸ்டட்டைச் சுற்றி, ஒரு பக்கம் பிளந்த சிறிய கூம்பு வடிவக் கோன்கள் தகட்டுக்குள் இறுகியிருக்கும். பித்தளைச் சுத்தியால் தகட்டின் நடுவில் ஓங்கி ஓர் அடி கொடுத்தால் கோன்கள் ‘டிக்’ என்று விட்டு வெளியே எட்டிப்பார்க்கும். சில தகடுகளில் மரையிட்ட இரண்டு துளைகள் காலியாக இருக்கும்; அவற்றில் போல்ட்டை முடுக்கினால் தகடு தானாக வெளியே தள்ளிக்கொண்டு வரும். தகட்டுக்கும் ஹப்புக்கும் இடையில் உளியை வைத்து நெம்புவதைப் பார்த்தால் எனக்குப் பதறும். அங்கே ஒரு வடு விழுந்தால் பிறகு எத்தனை பேக்கிங் வைத்தாலும் ஆயில் கசியும். கீழே தட்டு வையுங்கள், ஷாஃப்ட்டோடு கொஞ்சம் ஆயில் வரும். ஷாஃப்ட்டை நேராகத் தாங்கிப் பிடித்து உருவுங்கள். இடம், வலம் என்று பெயின்ட்டால் குறியுங்கள். பல வண்டிகளில் இரண்டும் ஒரே நீளம் அல்ல. எடுத்த பிறகு ஹப்பின் வாயை ஒரு தகடு போட்டு நட்டால் பிடித்து மூடாமல் வண்டியை இழுக்கவே கூடாது. இருக்கும் ஆயில் வெளியேறும், சாலைத் தூசி பேரிங்குக்குள் ஏறும். உங்கள் வண்டியில் மூடினார்களா என்று இழுத்துப்போனவர்களிடம் கேளுங்கள். மூடவில்லை என்றால் திரும்பப் பூட்டுவதற்கு முன் ஹப்பைப் பிரித்துப் புது கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்களிடம் பின்சக்கரத்தால் ஓடும் பழைய வேன் இருக்கிறது. வலது பின் டிரம்மில் ஆயில் வடிகிறது. லாரிக்குச் செய்வதுபோல் நானே ஷாஃப்ட்டை உருவி, ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையமான சீலை மாற்றலாம் என்று பார்த்தால், சக்கரத்தின் நடுவில் அப்படி நட்டுகளே இல்லை.
(கல்லூரி மாணவர், கொளத்தூர்)

தம்பி, நட்டு இல்லை என்பதே உனக்குக் கிடைத்த பதில். உன் வேனில் ஷாஃப்ட்தான் எடையையும் தாங்குகிறது. ஷாஃப்ட்டின் வெளிமுனையிலேயே வட்டத் தகடு சேர்ந்து வந்திருக்கும். சக்கரம் நேராக அதில்தான் பூட்டியிருக்கிறது. ‘செமி ஃப்ளோட்டிங்’ என்பது இதுதான். இதில் ஷாஃப்ட்டை உருவினால் சக்கரமும் கூடவே வரும். அதே காரணத்தால், இந்த வகையில் தகட்டை ஒட்டி ஷாஃப்ட் முறிந்தால் ஓடும்போதே சக்கரம் கழன்று தனியாக உருண்டுவிடும்.

எனவே உனக்கு ஜாக்கியும் வேண்டும், ஹவுசிங்குக்குக் கீழே ஸ்டாண்டும் வேண்டும். சக்கரத்தையும் டிரம்மையும் எடுத்த பிறகு, தகட்டில் உள்ள துளை வழியாகப் பாக்ஸ் ஸ்பானரை விட்டுப் பின்னால் இருக்கும் நான்கு நட்டுகளைக் கழற்ற வேண்டும். அவை பேரிங்கைப் பிடித்திருப்பவை. பிறகும் ஷாஃப்ட் இறுக்கமாக இருந்தால், டிரம்மைத் தலைகீழாக ஸ்டட்டுகளில் மாட்டி, நட்டுகளைத் தளர்வாக விட்டு, டிரம்மை வெடுக்கென்று வெளிப்பக்கமாக இழுத்து அடிப்பது பட்டறை வழக்கம். நாலைந்து இழுப்பில் பேரிங் விட்டுக்கொடுக்கும். சில வண்டிகளில் இந்த நான்கு நட்டும் இருக்காது. டிஃபரென்ஷியலின் மூடியைத் திறந்து, உள்ளே ஷாஃப்ட்டின் முனையில் இருக்கும் அரைவட்டக் கிளிப்பை எடுத்தால்தான் அது வரும். உன் வண்டி எந்த வகை என்று பார்த்துக்கொண்டு இறங்கு.

பேரிங் மாற்றுவதானால் அதைப் பிடித்திருக்கும் வளையத்தை வெட்டியெடுத்து, புது வளையத்தைப் பிரஸ்ஸில் ஏற்ற வேண்டும். அதற்கு மட்டும் பட்டறைக்குப் போ. ஆயில் குடித்த பிரேக் ஷூவைப் பெட்ரோலில் கழுவித் திரும்பப் போடாதே. புதிது போடு, எதிர்ப்பக்கத்துக்கும் சேர்த்து.

கேள்வி: மணலிப் பக்கம் சில பெரிய லாரிகளில் ஒரு ஜோடிச் சக்கரம் மட்டும் தரையைத் தொடாமல் தொங்குகிறது. அது ஏன்?
(7ஆம் வகுப்பு மாணவி, மணலி)

நல்ல கண் உனக்கு, அம்மா. அது லிஃப்ட் ஆக்சில். அதற்குள் ஷாஃப்ட்டே கிடையாது. எஞ்சின் அதைச் சுழற்றாது. சுமையைப் பகிர்ந்துகொள்வது மட்டுமே அதன் வேலை. சாலையின் மேல் ஒவ்வோர் ஆக்சிலும் எவ்வளவு எடையை வைக்கலாம் என்பதற்கு அரசின் வரம்பு இருக்கிறது. 2018இல் அதை உயர்த்தினார்கள்: நான்கு டயர் உள்ள ஆக்சிலுக்கு 10.2 டன்னிலிருந்து 11.5 டன். அதிகச் சுமை ஏற்ற வேண்டுமானால் அதிக ஆக்சில் வேண்டும். காலியாகத் திரும்பும்போது டயர் வீணாகத் தேயக் கூடாதென்று ஓட்டுநர் அதைத் தூக்கிவிடுகிறார்.

கேள்வி: எங்கள் அடுக்குமாடியின் வாகன நிறுத்தத்தில் காரின் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி வெளியே எடுக்கும்போது முன்பக்கம் ‘டக் டக் டக்’ என்று சத்தம் வருகிறது. நேராகப் போனால் இல்லை. மெக்கானிக் இரண்டு பக்க ஆக்சிலையும் மாற்றச் சொல்கிறார். தேவையா? புதுப்பேட்டையில் பழையது வாங்கலாமா?
(இல்லத்தரசி, வேளச்சேரி)

நீங்கள் சத்தத்தை இவ்வளவு துல்லியமாக எழுதியிருப்பதால் பாதி வேலை முடிந்துவிட்டது. முன்சக்கரத்தால் ஓடும் காரில் மெக்கானிக் ஆக்சில் என்று சொல்வது ஷாஃப்ட்டைத்தான்; அது எடையைத் தாங்குவதில்லை. ஆனால் அதற்கு வேறொரு கஷ்டம் உண்டு: முறுக்கைக் கடத்திக்கொண்டே சக்கரத்தோடு திரும்பவும் வேண்டும், பள்ளம் மேட்டில் ஏறி இறங்கவும் வேண்டும். அதற்காக இரு முனையிலும் மூட்டு இருக்கிறது. சக்கரத்தை ஒட்டிய வெளி மூட்டில் பெரும்பாலும் ஆறு எஃகுக் குண்டுகள். கியர்பாக்ஸை ஒட்டிய உள் மூட்டில் பல கார்களில் மூன்று உருளைகள். திரும்பும்போது மட்டும் ‘டக் டக்’ என்றால் வெளி மூட்டு. நேராக வேகமெடுக்கும்போது வண்டி நடுங்கினால் உள் மூட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

மூட்டு தானாகக் கெடுவது அரிது. அதை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து, கிரீஸ் வெளியே தெறித்து, மணலும் மழைநீரும் உள்ளே போனால்தான் கெடும். சக்கரத்தை முழுக்கத் திருப்பி நிறுத்திவிட்டுப் பின்னால் குனிந்து பாருங்கள். சக்கரத்தின் உள்வட்டத்தில் கறுப்புக் கிரீஸ் சிதறியிருந்தால் அந்தப் பக்கம்தான். ஒரு பக்கம் மட்டும் கெட்டிருந்தால் ஒன்றை மாற்றினால் போதும். மறுபக்கத்தின் பூட் கிழியாமல் இருந்தால் அதைத் தொட வேண்டியதில்லை. பூட் கிழிந்து, சத்தம் இன்னும் வராமல் இருந்தால், கழுவிப் புது கிரீஸும் புது பூட்டும் போட்டுக் காப்பாற்றலாம். சத்தம் வந்த பிறகு கிரீஸ் அடைப்பது காசுக்குக் கேடு.

புதுப்பேட்டையில் நல்ல பழைய ஷாஃப்ட் கிடைக்கும், மறுக்கவில்லை. வாங்குவதற்கு முன் மூட்டைக் கையால் நாலாபக்கமும் மடக்கிச் சுழற்றிப் பாருங்கள். எங்காவது சொரசொரப்போ சிக்கலோ தட்டுப்பட்டால் வேண்டாம். ஷாஃப்ட்டின் முனையில் நீளவாக்கில் வெட்டியிருக்கும் ஸ்பிளைன் பற்களை எண்ணி உங்கள் பழையதோடு ஒப்பிடுங்கள்; நீளத்தையும் அளந்துவிடுங்கள். பூட் கிழிந்த நிலையில் மழையில் கிடந்ததை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

மெக்கானிக் கழற்றும்போது அருகில் நின்று மூன்றைப் பாருங்கள். சக்கரத்தின் நடுவில் ஷாஃப்ட்டைப் பிடித்திருக்கும் நட்டு மிக இறுக்கமாக இருக்கும். அதன் விளிம்பைத் தட்டி ஷாஃப்ட்டின் பள்ளத்துக்குள் மடக்கியிருப்பார்கள். அந்த மடிப்பை நிமிர்த்திவிட்டு, சக்கரம் தரையில் இருக்கும்போதே, ஒருவர் பிரேக்கை மிதிக்க நட்டைத் தளர்த்த வேண்டும். அந்த நட்டைத் திரும்பப் போடக் கூடாது, புதிது கேளுங்கள். அடுத்து, ஷாஃப்ட்டைப் பிடித்து இழுக்கக் கூடாது. இழுத்தால் உள் மூட்டு தனியே பிரிந்துவிடும். கியர்பாக்ஸ் ஓரத்தில் லிவர் வைத்து மூட்டின் கிண்ணத்தை நெம்ப வேண்டும், சீலைக் கிழிக்காமல். மூன்றாவது, ஷாஃப்ட் இல்லாமல் வண்டியைத் தரையில் இறக்கித் தள்ளக் கூடாது. பல கார்களில் சக்கர பேரிங்கைச் சேர்த்து இறுக்கிப் பிடித்திருப்பது அந்த நட்டுதான்.

கேள்வி: ஸ்டாண்டு இல்லை. ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி வைத்து அடியில் படுக்கலாமா?
(ஆட்டோ ஓட்டுநர், அம்பத்தூர்)

கூடாது, அண்ணா. அந்தக் கல் மேலிருந்து பரவலாக வரும் சுமைக்கு நிற்கும். ஒரு புள்ளியில் இரும்பு அழுத்தினால் முன்னறிவிப்பு இல்லாமல் பொடிந்துவிடும். ஜாக்கியை மட்டும் நம்பியும் படுக்காதீர்கள், ஆயில் ஜாக்கிக்குள் சுமையைப் பிடித்து நிறுத்துவது ஒரு சின்ன ரப்பர் சீல்தான். ஆக்சில் வேலையில் நாம் இழுக்கிறோம், நெம்புகிறோம், சுத்தியால் அடிக்கிறோம். வண்டி ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு ஜோடி ஸ்டாண்டு வாங்குங்கள். இன்று பணம் இல்லை என்றால் வேலையை நாளைக்குத் தள்ளுங்கள்.

கேள்வி: நான் தொழிற்பயிற்சி மாணவன். முறிந்த லாரி ஷாஃப்ட் ஒன்றைக் கொடுத்து, ‘ஏன் முறிந்தது என்று பார்த்துச் சொல்’ என்றார் ஆசிரியர். எதைப் பார்ப்பது?
(மாணவர், ஆவடி)

உன் ஆசிரியருக்கு என் வணக்கத்தைச் சொல். கழற்றக் கற்றுக்கொடுப்பவர்கள் பலர். பார்க்கக் கற்றுக்கொடுப்பவர்கள் குறைவு.

முதலில் முறிந்த முகத்தைத் துடைக்காதே, இரண்டு துண்டுகளையும் ஒன்றோடொன்று உரசாதே. மெல்லிய ஆயில் தடவி, சாய்வான வெளிச்சத்தில் பிடி. விளிம்பில் எங்காவது வழவழப்பான பகுதி இருக்கிறதா? அதில் மெரினாவில் அலை வடிந்த மணலில் தெரியும் கோடுகள்போல, ஒன்றுக்குள் ஒன்றாக வளைந்த மெல்லிய வரிகள் தெரிகின்றனவா? தெரிந்தால் இந்த ஷாஃப்ட் ஒரே நாளில் முறிந்ததல்ல. ஒரு மயிரிழை விரிசல் தொடங்கி, சுமை ஏறி இறங்க இறங்கக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்ந்திருக்கிறது. அந்த வளைவுகள் எந்தப் புள்ளியைச் சுற்றி விரிகின்றனவோ அங்கேதான் விரிசல் பிறந்தது. அந்தப் புள்ளியை லென்ஸ் வைத்துப் பார்: ஓர் உளி வடு, துருக் குழி, கூர்மையான மூலை, ஏதோ ஒன்று இருக்கும். மீதி முகம் கரடுமுரடாக இருக்கும். மிஞ்சிய இரும்பு தாங்க முடியாமல் கடைசியில் ஒரே நொடியில் விட்டுக்கொடுத்த பகுதி அது. வழவழப்பு பெரிதாகவும் கரடு சிறிதாகவும் இருந்தால், கடைசிச் சுமை பெரிதில்லை, விரிசல்தான் நெடுநாள் வளர்ந்திருக்கிறது என்று பொருள்.

அந்த வரிகளே இல்லாமல் முகம் முழுக்கச் சுழன்றதுபோல் இருந்தால், உள்முனையில் உள்ள ஸ்பிளைன் பற்களைப் பார். நேராக ஓட வேண்டிய பற்கள் திருகிச் சாய்ந்திருந்தால், அளவுக்கு மீறிய முறுக்கு ஒன்று வந்திருக்கிறது. சேற்றில் சிக்கிய பாரலாரியை மீட்க எஞ்சினை முழு வேகத்தில் ஓட்டிக் கிளட்ச்சைத் தடாலென்று விட்டால் இப்படித்தான் ஆகும். மறுபக்கத்து ஷாஃப்ட்டையும் எடுத்துப் பார்க்கச் சொல், அதுவும் திருகியிருக்கலாம்.

இந்தப் பாடம் ரயிலிலிருந்து வந்தது. 1842 மே 8 அன்று வெர்சாயிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய ரயிலின் எஞ்சின் ஆக்சில் முறிந்து, தீப்பற்றி, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மறு ஆண்டே ஸ்காட்லாந்துப் பொறியாளர் ராங்கின், ஆக்சிலின் தடிமன் சட்டென்று மாறும் கூர்மூலையில் விரிசல் பிறந்து மெல்ல வளர்கிறது என்று எழுதினார். பிறகு ஜெர்மன் ரயில்வேயில் பணியாற்றிய வோலர், ஆக்சில்களைச் சுழற்றிச் சுழற்றிச் சோதித்து, ஒரே அடியில் முறிக்க முடியாத சிறு சுமையும் பல்லாயிரம் முறை திரும்பத் திரும்ப வந்தால் முறித்துவிடும் என்று நிரூபித்தார். இன்றும் நம் ரயில்வேயில் ஆக்சில்களைக் குறித்த காலத்தில் மீயொலிக் கருவியால் சோதிக்கிறார்கள், உள்ளே விரிசல் இருக்கிறதா என்று.

ஆகவே ஷாஃப்ட்டில் அடையாளம் வைக்க உளியையோ புள்ளி குத்தும் ‘பஞ்ச்’ கருவியையோ தொடாதே, பெயின்ட் போதும். முறிந்த ஷாஃப்ட்டை வெல்டிங் வைத்து ஓட்டும் பழக்கம் நம் நெடுஞ்சாலைகளில் இன்னும் இருக்கிறது. அந்த இரும்பைச் சூடாக்கிப் பதப்படுத்தித்தான் வலிமை கொடுத்திருக்கிறார்கள். வெல்டிங் சூட்டில் அந்தப் பதம் போய்விடுகிறது. நீ பட்டறை வைக்கும் நாளில் இதைச் செய்யாதே. வற்புறுத்தும் வாடிக்கையாளர் போனால் போகட்டும். ஒன்று மறந்துவிட்டேன்: ஹவுசிங்கில் சிக்கிய துண்டைக் காந்தத்தாலோ கம்பிச் சுருக்காலோ எடுத்த பிறகும் ஆயிலை முழுக்க வடித்து, உள்ளே கழுவாமல் பூட்டக் கூடாது. ஒரு சிறு இரும்புத் துணுக்கு கிரவுன் வீலைக் கெடுத்துவிடும்.

கேள்வி: டிசம்பர் மழையில் என் சிறிய சரக்கு வண்டியின் பின் ஆக்சில் முழுக வெள்ளத்தில் ஓட்டினேன். எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. வேறு எதையாவது பார்க்க வேண்டுமா?
(காய்கறி வியாபாரி, பள்ளிக்கரணை)

பார்த்தே ஆக வேண்டும். ஓடிச் சூடான ஹவுசிங் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே உள்ள காற்று சுருங்கும். மேலே இருக்கும் சின்ன மூச்சுக்குழாய் வழியாகவோ சீல் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சும். ஆயில் பிளக்கைத் திறந்து விரலை விட்டுப் பாருங்கள். ஆயில் வெளுத்துப் பால்போல் இருந்தால் முழுக்க வடித்து, புதிது ஊற்றிச் சிறிது தூரம் ஓட்டி, மறுபடியும் வடியுங்கள். மூச்சுக்குழாய் சேற்றால் அடைத்திருந்தால் சுத்தம் செய்யுங்கள். அடைத்ததை அப்படியே விட்டால் சூட்டில் அழுத்தம் ஏறி, சீல் வழியாக ஆயில் பிரேக்குக்குள் போகும். 2015 வெள்ளத்துக்குப் பிறகும் 2023 மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் எங்கள் பட்டறைக்கு வந்த வண்டிகளில், தண்ணீர் வடிந்து வெகுநாள் கழித்துப் பின்பக்கம் ஊளையிட ஆரம்பித்தவை பல. எஞ்சினை மட்டும் பார்த்துவிட்டு ஆக்சிலை மறந்ததால் வந்த வினை.

கேள்வி: மாநகரத் தாழ்தளப் பேருந்தில் சிரமமில்லாமல் ஏறுகிறேன். குறுக்கே ஆக்சில் இருக்கும்போது தரை இவ்வளவு தாழ எப்படி முடிகிறது?
(ஓய்வுபெற்ற ஆசிரியை, தாம்பரம்)

அம்மா, சாதாரண பஸ்ஸில் ஆக்சிலின் நடுவில் கிரவுன் வீல் இருக்கும் பெரிய புடைப்பு, சக்கர மையத்தின் உயரத்திலேயே இருக்கிறது. தரை அதற்கு மேலேதான் போக முடியும். தாழ்தளப் பேருந்துகளில் பொதுவாக ஆக்சிலின் நடுப்பகுதியைச் சக்கர மையத்துக்குக் கீழே இறக்கிவிடுகிறார்கள். இரு முனையிலும் பற்சக்கரங்களை வைத்து, கீழே ஓடும் ஷாஃப்ட்டிலிருந்து முறுக்கை மேலே சக்கரத்துக்கு ஏற்றுகிறார்கள். டிஃபரென்ஷியலையும் நடுவிலிருந்து ஓரத்துக்கு, இருக்கைகளின் அடிக்குத் தள்ளிவிடுவதால் நடைபாதை தட்டையாகக் கிடைக்கிறது. பின்சக்கரங்களுக்கு மேல் உள்ள இருக்கைகள் மட்டும் மேடாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சக்கரத்துக்கும் இந்தப் பற்சக்கரங்களுக்கும் விட்ட இடம் அது. பாகங்கள் கூடுவதால் விலையும் பராமரிப்பும் கூடும். ஆனாலும் சக்கர நாற்காலியில் வருகிறவரும் கைக்குழந்தையோடு வருகிறவரும் பிறர் கையை எதிர்பாராமல் ஏற முடிகிறது என்பதால், இந்தச் செலவு சரியான செலவு என்றே சொல்வேன்.